நட்சத்திரக் குறி போட்ட கட்டங்கள்

மூளை ஆராய்ச்சித் தரவுகளுக்கு மெட்டாடேட்டா ஸ்கீமா எழுதுவதும், எழுதியதைக் கட்டிக் காப்பதும் என் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் யாராவது "எங்கம்மா வேலை பாக்கறே?" என்று கேட்டால் "ஐ.டி.தான் மாமி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் பாயசம் ஆறிவிடும்.

இங்கே விளக்க இடமிருக்கிறது. ஒருவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்து மூளையைப் படமெடுக்கிறார்கள். அல்லது தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளை, அதாவது ஈ.ஈ.ஜி., பதிகிறார்கள். கிடைப்பது ஜி.பி. கணக்கில் எண்கள். அவருக்கு என்ன வயது, எந்தக் கைப் பழக்கம், எத்தனை விநாடிக்கு ஒரு படம், கண்ணை மூடியிருந்தாரா திறந்திருந்தாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் கூடவே வராவிட்டால் அந்த எண்கள் கொஞ்ச நாளில் அநாதையாகிவிடும். கூட வரும் இந்த விவரங்கள்தான் மெட்டாடேட்டா. எதை, எந்தப் பெயரில், எந்த அலகில், எப்படி எழுத வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு ஸ்கீமா.

படிவம் தயாரிக்கிற வேலை மாதிரித் தெரியும். ஆனால் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் கேட்டாக வேண்டிய கேள்வி. கேட்கிற இடத்தில் பதில் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். இல்லாமல் போனால் கட்டம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், பொய்யால் நிரம்பும். சென்னையில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்த்து நான் கண்டது இவ்வளவுதான்.

கைப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மொழிக்கான பகுதி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. இடக்கைக்காரர்களிடம் இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வருவதில்லை. அதனால் மூளை ஆய்வுப் படிவங்களில் இந்தக் கட்டம் கட்டாயம் போல வந்து உட்கார்ந்துவிடும். உலகம் முழுக்கப் புழங்குவது 1971இல் ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ கேள்வித்தாள். எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் துலக்குவது, கத்தி, ஸ்பூன், துடைப்பத்தில் மேலே இருக்கும் கை, தீக்குச்சி உரசுவது, பெட்டி மூடியைத் திறப்பது என்று 10 கேள்வி. வலதுக்கும் இடதுக்கும் கிடைத்த புள்ளிகளின் வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் மைனஸ் 100க்கும் பிளஸ் 100க்கும் நடுவில் ஓர் எண் கிடைக்கும்.

துடைப்பத்தில் மேலே இருக்கும் கை எது என்ற கேள்வி நம் ஈர்க்குமாறு விஷயத்தில் செல்லாது. அதை ஒரே கையால் பிடித்துக் குனிந்து பெருக்குகிறோம். மேல்கை, கீழ்கை என்ற பேச்சே கிடையாது. வயதானவர்களிடம் ஸ்பூன் கேள்வியும் அப்படித்தான். முதியவர்களின் நினைவாற்றல் பற்றிய ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆராய்ச்சி உதவியாளர் பெண் ஒரு பாட்டியிடம் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"பாட்டி, எந்தக் கையால எழுதுவீங்க?"

"எழுதறதா? கைநாட்டுதான் கண்ணு."

"பல்லு வெளக்கறது?"

"சோத்தாங்கைதான். இதெல்லாமா கேப்பாங்க?"

தாளில் முன்னால் விட்டுவிட்டு வந்த 'எறிவது' என்ற வரிக்குத் திரும்பினாள். "சின்ன வயசுல மாங்கா அடிச்சிருக்கீங்களா பாட்டி?"

பாட்டி சிரித்துக்கொண்டே தூக்கியது இடது கை. "கல்லெறியணும்னா இதான் வரும். சோத்துல இந்தக் கைய வெச்சா எங்கம்மா கரண்டியாலயே போடும். அப்பிடியே மாறிப்போச்சு."

இந்தப் பாட்டியை எந்தப் பெட்டியில் போடுவது? வலது, இடது, இரண்டும் என்று மூன்றே தேர்வு கொண்ட கட்டத்தில் 'வலது' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாங்காய் அடித்த கை அத்தோடு காணாமல் போய்விடும். பிறவியில் இடக்கையாக இருந்து அடித்து மாற்றப்பட்டவர்கள் நம் ஊரில் நிறைய. மூளை ஆய்வாளர் ஒருவருக்கு அவர்கள்தான் சுவாரசியமானவர்கள். அதனால் நான் கண்டிப்பாகப் பிடிக்கிற ஒரு கொள்கை: முடிவை மட்டும் எழுதாதே, பத்துப் பதிலையும் எழுது. எந்தத் தாள், எந்த மொழியில் கேட்டது, எந்தக் கேள்வியை விட்டது, எதை மாற்றிக் கேட்டது என்பதும் சேரட்டும். 'வலது' என்ற முடிவை எந்த நாளிலும் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். முடிவிலிருந்து பதில்களைத் திரும்பப் பெற முடியாது.

இதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மூளைப் படத் துறையில் இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது பிட்ஸ் என்ற ஒழுங்கு (BIDS; பிலானிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஸ்டான்ஃபோர்டில் இருந்த கோர்கோலெவ்ஸ்கியும் கூட்டாளிகளும் 2016இல் 'சயன்டிஃபிக் டேட்டா' இதழில் வெளியிட்டார்கள். அதன் சாமர்த்தியம் எளிமை. கோப்புறைக்கு எப்படிப் பெயர் வைப்பது, கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, ஒவ்வொரு படக் கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு ஜேசான் கோப்பு (விவரங்களை வரிசையாக எழுதி வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு), பங்கேற்றவர்களுக்கு ஓர் அட்டவணை. அவ்வளவுதான். டேட்டாபேஸ் வேண்டாம், சர்வர் வேண்டாம், எக்செல் தெரிந்த பி.எச்டி. மாணவி ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அந்த அட்டவணையில் கைப் பழக்கத்துக்கு ஒரே கட்டம்தான். ஆனால் கேள்வித்தாள்களின் ஒவ்வொரு பதிலையும் வைக்கத் தனிக் கோப்புறை உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அர்த்தம் சொல்லும் அகராதிக் கோப்பும் உண்டு. அந்தக் கோப்புறையைப் பலரும் தொடுவதில்லை. அங்கேதான் பாட்டியின் மாங்காய்க்கு இடம்.

இனி நட்சத்திரக் குறிக்கு வருகிறேன்.

ஸ்கீமா எழுத ஆறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் உயிரான ஒரு கட்டம் இருக்கும். அவரவர் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போட வேண்டும் என்பார்கள். கூட்டம் முடியும்போது நாற்பது கட்டாயக் கட்டங்கள் சேர்ந்திருக்கும். நிரப்பப்போகிறவர் அந்த மேஜையில் இருக்கவே மாட்டார். அவர் ஸ்கேன் அறையில் அடுத்த நோயாளியைப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார்.

படித்த ஆண்டுகள் என்ற கட்டம் மறதி நோய் ஆய்வுகளில் முக்கியமானது, ஏனென்றால் படிப்பைப் பொறுத்து நினைவுச் சோதனை மதிப்பெண் மாறும். எண்ணாகத்தான் எழுத வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு 12, டிகிரி என்றால் 15. ஆனால் 70 வயதுக்காரர் 'எஸ்.எஸ்.எல்.சி.' என்கிறார். அவர் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பு, அதற்கு மேல் பி.யு.சி. ஒரு வருடம். பிளஸ் டூ தமிழ்நாட்டுக்கு வந்தது 1978இல். இருபத்து மூன்று வயது உதவியாளருக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பத்து. அவள் பத்து என்று போடுவாள். தப்பு அவளுடையது அல்ல, கேள்வியுடையது. 'என்ன படித்தார், எந்த ஆண்டு முடித்தார்' என்று இரண்டாகக் கேட்டால் பெரியவரும் யோசிக்காமல் சொல்வார், எண்ணை நாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வயது இன்னும் மோசம். பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட பிறந்த தேதியோடு ஒரு தலைமுறையே ரிட்டயர் ஆகியிருக்கிறது. "சர்டிபிகேட் வயசா, நிஜ வயசா?" என்று திருப்பிக் கேட்பவரிடம் படிவம் என்ன சொல்லும்? 'பிறந்த தேதி' கட்டம் அவர் ஆதாரைப் பார்த்து எழுதியதை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் நாங்கள் வயதுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம் வைத்திருக்கிறோம்: எதை வைத்துச் சொன்னது? ஆவணம், சொந்த வாய்மொழி, குடும்பத்தார் சொன்னது, ஏதாவது ஒரு சம்பவத்தை வைத்துக் கணித்தது. ஒரு மாமா "1964 புயல்ல தனுஷ்கோடி போச்சே, அப்ப எனக்கு அரைக்கால் டவுசர்" என்றார். அவரைப் பொறுத்தவரை ஆதாரைவிட அதைத்தான் நம்புவேன்.

கட்டாயக் கட்டங்களை எதிர்க்கிறேன் என்றதும் எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னார்: "எல்லாத்தையும் ஆப்ஷனல் ஆக்கிட்டா ஒருத்தனும் நிரப்ப மாட்டான்மா. முப்பது வருஷமா பாக்கறேன்." அதுவும் உண்மைதான். விருப்பக் கட்டம் என்றால் நம் ஊரில் அது அலங்காரம். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி காட்டியவர் கோயில் குருக்கள். அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார். நட்சத்திரம் தெரியாது என்று விழித்தால் தன் இஷ்டத்துக்கு ரோகிணி என்று போட்டுக்கொள்வதில்லை, "சுவாமி பேருக்கே பண்ணிடலாமா?" என்பார். தெரியாது என்பதற்கும் அவரிடம் முறையான ஒரு பதில் தயாராக இருக்கிறது, வரிசையும் நகர்ந்துவிடுகிறது.

அதே ஏற்பாடுதான் எங்கள் ஸ்கீமாவில் இப்போது. நட்சத்திரக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆனால் பதில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதலாம். கேட்கவில்லை; கேட்டோம், ஆனால் அவருக்குத் தெரியவில்லை; சொல்ல விரும்பவில்லை; இவருக்குப் பொருந்தாது. நான்கும் வெவ்வேறு. மாதவிடாய் பற்றிய கட்டத்தில் 'பொருந்தாது' என்பதும் 'சொல்ல விரும்பவில்லை' என்பதும் ஒன்றாகிவிட்டால் பகுப்பாய்வு குட்டிச்சுவர். வெறுமனே 0 போடுவது, 99 போடுவது, 999 போடுவது என்று பழைய தலைமுறைப் பழக்கம் ஒன்று உண்டு. 99 வயதுக்காரர் வராத வரை அது சரி.

முதியவர்கள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ் பரிந்துரைப்படி 89க்கு மேற்பட்ட வயதை 89 என்றே எழுத வேண்டும். அமெரிக்காவின் மருத்துவத் தனியுரிமை விதியில் 89ஐத் தாண்டிய வயது ஆளை அடையாளம் காட்டும் விவரமாகக் கருதப்படுகிறது, அங்கிருந்து வந்தது. மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் 94 வயதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. தேதிகளையும் நகர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். நகர்த்திய தேதி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக 1925ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ போய் விழும்படி நகர்த்துவது பரிந்துரை. எம்.ஆர்.ஐ. கண்டுபிடிக்கப்படாத காலத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் எங்கள் சர்வரில் ஏராளமாக இருக்கின்றன. இரண்டு ஸ்கேனுக்கு நடுவே எத்தனை நாள் என்பது மாறாது, அது போதும். எனக்குப் பிடித்த விதி இது. யாரும் நிஜம் என்று நம்ப முடியாத தேதியை வைத்தது நல்ல புத்தி.

அலகுக் குழப்பம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மூளை முழுவதையும் ஒருமுறை படமெடுத்து முடித்து அடுத்த சுற்றுத் தொடங்கும் இடைவெளியை ஸ்கேன் இயந்திரம் தரும் டைகாம் கோப்பு (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) மில்லிவிநாடியில் எழுதுகிறது. பிட்ஸ் விநாடியில் கேட்கிறது. 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2000 விழுந்தால், ஒரு சுற்றுக்கு 33 நிமிடம் ஆகும். 300 சுற்று எடுத்த ஆய்வில் அந்த ஆள் ஏறக்குறைய ஏழு நாள் இயந்திரத்துக்குள்ளேயே கிடந்திருக்க வேண்டும். பிட்ஸ் சரிபார்ப்பான் 100க்கு மேல் எண்ணைப் பார்த்தால் இது விநாடிதானா என்று கேட்கும். கெட்டிக்கார மாமியார் போல என்று எழுத வந்தது, வேண்டாம்.

இடது வலதுக் குழப்பம்தான் பயமுறுத்துவது. எண் தப்பென்றால் எங்கேயாவது இடிக்கும், தெரிந்துவிடும். மூளையின் இரண்டு பாதிகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிப்போன படத்தை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ரேடியாலஜிக்காரர்கள் நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பது போலப் படத்தை வைப்பார்கள். வலது பக்கம் படத்தின் இடதில் வரும். நரம்பியல் ஆய்வாளர்களில் பலர் நேர்மாறாக வைப்பார்கள். அந்தக் காலத்து அனலைஸ் வடிவக் கோப்பில் எது எந்தப் பக்கம் என்று ஐயமில்லாமல் சொல்ல வழியில்லை. 2000களின் தொடக்கத்தில் வந்த நிஃப்டி வடிவம்தான் திசையைக் கோப்பின் தலைப்பகுதிக்குள் எழுத இடம் கொடுத்தது.

அதற்கு முந்தைய ஏற்பாடு இன்னும் சில இடங்களில் இருக்கிறது, அதைப் பார்த்து நான் அசந்தேன். வைட்டமின் ஈ மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அந்தப் பச்சை எவியான் கேப்ஸ்யூல்தான், முகத்துக்குத் தடவிக்கொள்வார்களே. அதற்குள் இருப்பது எண்ணெய், எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். நோயாளியின் வலது நெற்றிப்பொட்டில் ஒன்றை டேப்பால் ஒட்டிவிட்டு உள்ளே அனுப்புவார் டெக்னீஷியன் அண்ணா. அதற்குப் பிறகு எத்தனை மென்பொருள் எத்தனை முறை படத்தைத் திருப்பினாலும் வெள்ளைப் பொட்டு இருக்கும் பக்கம் வலது. மெட்டாடேட்டா தரவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, தனிக் கோப்பே வேண்டாம். அவர் சொன்னது: "மேடம், நீங்க கம்ப்யூட்டர்ல என்ன வேணா எழுதிக்கங்க. இது பொய் சொல்லாது." ஆனால் 'வலதில் ஒட்டினோம்' என்பதை எங்காவது எழுதி வைக்க வேண்டுமல்லவா? அது அவர் தலையில் இருந்தது. அவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டால்? இப்போது அதற்கு ஒரு கட்டம் உண்டு.

நான் பார்த்தவரை ஸ்கீமாவில் அதிக மதிப்புள்ள கட்டம் கடைசியில் இருக்கும் 'குறிப்பு'. வடிவமைப்பாளர்களுக்குப் பிடிக்காதது. எது வேண்டுமானாலும் எழுதலாம், கம்ப்யூட்டருக்குப் புரியாது, ஆகவே ஒழுங்கீனம் என்பார்கள். நான் வாரக் கடைசியில் உட்கார்ந்து படிப்பது அதைத்தான். ஈ.ஈ.ஜி. குறிப்புகளில் "ஜென்" என்று ஒரு வார்த்தை அடிக்கடி வந்துகொண்டிருந்தது. "11.20 ஜென்." "பாதியில் ஜென்." விசாரித்தால் ஜெனரேட்டர். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறிய நேரத்தைப் பதிவாளர் தன் போக்கில் குறித்து வைத்திருக்கிறார்.

ஏன் முக்கியம் என்றால், மூளையின் மின் அலை மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். சுவரில் ஓடும் மின்சாரம் அதன் மேல் ரீங்காரமாய் ஏறி உட்காரும். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. எந்த ஊர் ரீங்காரம் என்று தெரிந்தால்தான் அதை மட்டும் வடிகட்ட முடியும். அதனால் 2019இல் வெளியான ஈ.ஈ.ஜி. பிட்ஸில் மின்வழி அதிர்வெண் கட்டாயக் கட்டம். சரியான நட்சத்திரம் இது, பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டீசல் ஜெனரேட்டர் 50இலேயே அசையாமல் நிற்காது. லிஃப்ட் ஓடினால், ஏ.சி. போட்டால் கொஞ்சம் இறங்கும், ஏறும். 50ஐ மட்டும் கச்சிதமாக வெட்டும் வடிகட்டி அதைத் தவறவிடும். ஒரு கோப்பு முழுமைக்கும் ஒரே எண் என்று நினைத்து எழுதிய ஸ்கீமாவில் 'நடுவில் மாறியது' என்பதற்கு இடமில்லை. அதை வடிவமைத்தவர்கள் ஊரில் நடுவில் மாறுவதில்லை, அவ்வளவுதான் விஷயம். பதிவாளரின் ஒற்றைச் சொல்லை வைத்து நாங்கள் நிகழ்வுக் கோப்பில் (பதிவின் நடுவே எப்போது என்ன நடந்தது என்று குறிக்கும் கோப்பு) 'மின்மூலம் மாற்றம்' என்று ஒரு வகையைச் சேர்த்தோம். இரண்டு வருடம் முந்தைய பதிவுகளில் புரியாமல் கிடந்த சில இரைச்சல்கள் அதன் பிறகு புரிந்தன.

எதை எதோடு கட்டுவது என்பது தனிக் கலை. ஐரோப்பிய மூளைத் திட்டம் 2013 முதல் 2023 வரை ஓடியது. அதிலிருந்து வளர்ந்த ஓப்பன்மைண்ட்ஸ் என்ற மெட்டாடேட்டா அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பிரிவினை உண்டு. ஆள் வேறு, ஆளின் நிலை வேறு. எந்த உயிரினம் என்பது போல மாறாதவை ஆளின் பதிவில். வயது, எடை, நோய் போல மாறுபவை நிலையின் பதிவில். ஒரே ஆளுக்கு எத்தனை நிலை வேண்டுமானாலும் இருக்கலாம். அறுவைக்கு முன், பின். மாத்திரைக்கு முன், பின். திசுத் துண்டுக்கும் இதே முறை: துண்டு ஒன்று, அது உறைந்திருந்தபோது ஒரு நிலை, சாயம் ஏற்றிய பிறகு ஒரு நிலை. சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஒற்றை எக்செல் தாளில் 'வயது' என்று ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் மூன்று முறை ஸ்கேனுக்கு வந்தவருக்கு எந்த வயதைப் போடுவது என்று திண்டாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வயதை எங்கிருந்து எண்ணுவது என்பதும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற கருமூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 14 முதல் 24 வாரக் கருக்களின் ஐந்து மூளைகள், 5,132 மெல்லிய வெட்டுத் துண்டுகள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சென்னையில் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை. அப்படிப்பட்ட தொகுப்பைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது 'வாரம்' என்ற சொல்லுக்குத்தான். மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார். கருவியல்காரர் பலர் கருத்தரித்ததிலிருந்து எண்ணுவார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். கருமூளையில் இரண்டு வாரம் என்பது ஒரு யுகம். எலி ஆய்வில் இன்னும் வேடிக்கை: இணை சேர்ந்தது தெரிந்த நாளைச் சிலர் 0 என்பார்கள், சிலர் 0.5, சிலர் 1. எந்தப் புள்ளியிலிருந்து எண்ணினோம் என்ற கட்டம் இல்லாத வயதுக் கட்டம் பாதிக் கட்டம்.

பெயர் விஷயம் நமக்கே உரியது. ஸ்கேன் இயந்திரத்தின் டைகாம் கோப்பில் பெயருக்கு முதல் இடம் குடும்பப் பெயர், அடுத்தது சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆகவே குடும்பப் பெயர் 'எஸ்', சொந்தப் பெயர் 'முருகன்'. வேறொரு நாள் வேறொரு டெக்னீஷியன் போட்டால் குடும்பப் பெயர் 'முருகன்', சொந்தப் பெயர் 'எஸ்'. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டால் அப்பா பெயர் முழுதாக வந்து நிற்கும். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். நோயாளிகள் பெயர் வெளியே போகும் முன் எப்படியும் அழிக்கப்படும், ஆனால் ஒரே ஆள்தானா என்று இணைத்துப் பார்ப்பது அதற்கு முன்பே நடக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் பெயருக்கு ஆர்க்கிட் எண் வந்தது பெரிய விடுதலை. பதினாறு இலக்கம், இனிஷியல் முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் ஆள் மாறுவதில்லை.

வடிவமைப்பைப் பற்றி இவ்வளவு பேசினேன். நிஜமாக நேரத்தைத் தின்பது பராமரிப்பு. இதற்கு மட்டும் யாரும் நிதி தருவதில்லை. புதிய ஸ்கீமா உருவாக்கப் போகிறேன் என்றால் மூன்று வருடத்துக்குப் பணம் கிடைக்கும். இருக்கிற ஸ்கீமாவை ஒழுங்காக வைத்துக்கொள்கிறேன் என்றால் விண்ணப்பத்தைப் படிக்கக்கூட மாட்டார்கள். உலகில் இத்தனை ஸ்கீமா இருப்பதற்கு அறிவியல் காரணத்தைவிட இந்தக் காரணம் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

ஈ.ஈ.ஜி. எலெக்ட்ரோடு பெயர்களில் இதைப் பார்க்கலாம். காதுக்குச் சற்று மேலே இருக்கும் இடங்களுக்குப் பழைய முறையில் டி3, டி4 என்று பெயர். 1991இல் அமெரிக்க ஈ.ஈ.ஜி. சங்கம் பெயரிடும் முறையைத் திருத்தியபோது அதே இடங்கள் டி7, டி8 ஆயின. டி5, டி6 என்பவை பி7, பி8 ஆயின. நம் மருத்துவமனை இயந்திரங்கள் பலவற்றில் இன்றும் டி3தான் வருகிறது. எலெக்ட்ரோடு பதித்த புதிய தொப்பியில் டி7. எங்கள் தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. பழையதை எல்லாம் மாற்றி எழுதிவிடலாம் என்று ஆசை வரும். மாற்றினால் மருத்துவர் கையால் எழுதிய அறிக்கையில் டி3 என்று இருக்கும், கோப்பில் டி3 இருக்காது. ஆகவே பழைய பெயர் அப்படியே இருக்கும், பக்கத்தில் இன்றைய பெயருக்கு ஒரு கட்டம். அசிங்கமாக இருக்கிறது, வேலை செய்கிறது.

கட்டத்துக்குப் புதுப் பெயர் வைப்பது தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை; பழைய நிரல் உடைந்து சத்தம் போடும். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அர்த்தத்தை மாற்றுவதுதான் ஆபத்து. நான் ஆலோசனைக்குப் போன ஓர் இடத்தில் 'தேதி' என்ற கட்டம் முதலில் ஸ்கேன் எடுத்த தேதி. நடுவில் யாரோ கோப்பை ஏற்றிய தேதி தானாக அதில் விழும்படி வசதி செய்துவிட்டார்கள். ஸ்கீமாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பதிப்பு எண்ணும் மாறவில்லை. ஒரே கட்டத்தில் பாதி ஸ்கேன் தேதி, பாதி ஏற்றிய தேதி. எந்த வரியில் எது என்று இனி சொல்ல ஆளில்லை. ஆகவே எங்கள் விதி: அர்த்தம் மாறினால் புதுக் கட்டம், பழையதைப் பூட்டி வை, அழிக்காதே. விருப்பக் கட்டம் ஒன்றைச் சேர்த்தால் பதிப்பு எண்ணின் நடு இலக்கம் ஏறும். ஏற்கெனவே உள்ள கோப்புகள் செல்லாமல் போகும் எந்த மாற்றமும் முதல் இலக்கத்தை ஏற்றும். ஒவ்வொரு தரவுத் தொகுப்பும் எந்தப் பதிப்பில் எழுதியது என்பதைத் தானே சொல்ல வேண்டும்.

பிட்ஸ்காரர்கள் இதில் நல்ல பிடிவாதம் உள்ளவர்கள். பழைய தொகுப்புகள் செல்லாமல் போகும் மாற்றத்தை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். புதுத் துறையைச் சேர்க்க வேண்டுமா, விரிவாக்க முன்மொழிவு எழுதி, மாதிரித் தரவு கொடுத்து, எல்லோர் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வா. ஈ.ஈ.ஜி. அப்படித்தான் வந்தது, நுண்ணோக்கிப் படங்களும் அப்படித்தான் வந்தன. வருடக்கணக்கில் இழுக்கும். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும் என்பேன்.

எங்கள் ஸ்கீமாவின் அடுத்த பதிப்புக்கு இப்போது சண்டை நடந்துகொண்டிருக்கிறது. மின்மூலம் மாற்றத்தை எல்லா மையங்களுக்கும் பொதுவாக்கலாம் என்பது எங்கள் பக்கம். கூட்டாளி மையம் ஒன்று தங்களிடம் யு.பி.எஸ். இருக்கிறது, இந்தக் கட்டம் தேவையில்லாத சுமை என்கிறது. அவர்களுக்கு 'பொருந்தாது' என்று தானாக விழும்படி செய்யலாம் என்றேன். தானாக விழுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று எங்கள் உதவியாளர் பெண்ணே எதிர்த்துவிட்டாள்: "அக்கா, யு.பி.எஸ். பேட்டரி செத்த அன்னிக்கும் அது பொருந்தாதுன்னே போட்டுக்கிட்டிருக்கும்." செவ்வாய்க்கிழமை மறுபடி பேசுகிறோம். இந்த முறை பதிவாளர்கள் இரண்டு பேரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன்.